ஓர் உடல், ஐந்து தலை: பி.வி.சி. பைப்பில் செய்த ஐரிஷ் குழலின் தலைப்பகுதியைச் சீர்ப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

போன தீபாவளி விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்த என் அண்ணன் மகன், நான் செய்து கொடுத்திருந்த குழலைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். "சித்தப்பா, கீழ நல்லா இருக்கு. மேல போனா சுதி விழுந்துருது. கூட வாசிக்கிறவங்க என்னையே திரும்பிப் பாக்குறாங்க" என்றான்.

எனக்கும் அது தெரியாததில்லை. செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவு என்றால் விரல் துளைகளின் அளவு என்றே நினைத்து, ஆறு துளைகளையும் மாதக்கணக்கில் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளையைச் சரிசெய்தால் கீழ் ஸ்தாயி கெடும், அதைச் சரிசெய்தால் மேல் ஸ்தாயி கெடும். கோளாறு விரல் துளையில் இல்லை, தலையில், அதாவது ஊதுதுளை இருக்கும் மேல்பகுதியில் இருந்தது. விரல் துளைகளை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்து, அதே உடலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தலை செய்து பார்த்தேன். அதில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு பைப் குழல் செய்து, ஓரளவு ஊதவும் தெரிந்தவர்களுக்கு இது.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம்

ஐரிஷ் குழல் என்று இன்று சொல்வது, 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பக்கம் செய்யப்பட்ட மரக்குழலின் வழி வந்தது. ஆறு விரல் துளைகள், எல்லாம் மூடினால் மேற்கத்திய இசையின் டி சுரம். அதன் தலைக்குள் துவாரம் ஒரே அளவாக, 19 மி.மீ. விட்டத்தை ஒட்டி இருக்கும். உடலுக்குள் போகப் போகக் குறுகி அடிமுனையில் ஒடுங்கும். ஜெர்மானியக் குழல் வல்லுநர் தியோபால்ட் போம் 1847இல் கொண்டுவந்த குழலில் இது தலைகீழ். உடல் நேர்க்குழாய், தலை மட்டும், மேல்முனையை அடைக்கும் தக்கையை நோக்கி 19 மி.மீ.யிலிருந்து ஏறத்தாழ 17க்குக் குறுகும். வடிவம் இரண்டு, மருந்து ஒன்று. ஊதுதுளையில் நிற்கும் காற்று, குழலின் நீளத்தோடு இன்னும் கொஞ்சம் நீளத்தைச் சேர்த்ததுபோல் நடந்துகொள்ளும். சுரம் ஏற ஏற அந்தப் பொய் நீளமும் கூடும். அதனால்தான் மேல் ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கிறது. எங்கேயாவது ஓரிடத்தில் துவாரத்தைக் குறுக்கினால் அது நேராகும்.

நம் பைப் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அளவு. அந்த இரண்டு வடிவத்தில் ஒன்றும் அதற்கு இல்லை. இரண்டாவது குறை சுவர். மரக்குழலில் ஊதுதுளையின் ஆழம் 5 மி.மீ.யை ஒட்டி இருக்கும், பைப்பின் சுவரோ அதில் பாதி. கீழ் டி மெலிந்து, உதட்டை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் ஓடிப்போவதற்கு அதுவே பெரிய காரணம்.

செய்ய வேண்டியவை மூன்று: ஊதுதுளையை ஆழமாக்குவது, அதற்கு ஒழுங்கான விளிம்பு கொடுப்பது, தலைக்குள் ஓர் ஆப்பு வைத்துத் துவாரத்தைக் குறுக்குவது.

பைப்பும் சாமான்களும்

குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்து சொன்னார்கள் நம் பழைய உரையாசிரியர்கள். ஆறாவது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது. முக்கால் இஞ்சி தண்ணீர் பைப்பில் சுவர் தடித்த வகையைக் கேளுங்கள். விட்டம் அளக்கும் வெர்னியரைக் கையோடு கொண்டுபோங்கள், வகைக்கு வகை சுவர் மாறும். என்னிடம் இருப்பது வெளிவிட்டம் 26.7, சுவர் 2.8, உள்விட்டம் 21 மி.மீ.யை ஒட்டியது. கூடவே ஒரு இஞ்சி பைப்பிலும் தடித்த வகையில் அரை அடி வாங்குங்கள். அதன் உள்விட்டம் 27ஐ ஒட்டி இருந்தால் முக்கால் இஞ்சிமேல் சட்டைபோல ஏறும். கடைத் தௌக்கே அரை அடி வெட்டித் தர முகம் சுளித்தார். "என்ன, மீன் தொட்டியா?" என்றார். குழல் என்றதும் சிரித்துவிட்டுக் காசு வாங்கவில்லை.

வாயில் வைக்கிற பொருள் இது. குடிநீருக்கான பைப்தானா, மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பைப் வேண்டாம், முன்பு பி.வி.சி.யில் ஈயச் சேர்மம் கலப்பதுண்டு. தேய்க்கும்போது ஈர உப்புத்தாளையே பயன்படுத்துங்கள், தூள் பறக்காது. பைப்பை நெருப்பில் காட்டவே கூடாது, கருகினால் வரும் புகை நுரையீரலை அரிக்கும். வளைக்கவோ விரிக்கவோ கொதிநீர் போதும். 80 பாகை தாண்டினாலே இது இளகிவிடும்.

படி 1: குழலை இரண்டாக்கி, இருக்கும் நிலையை எழுதி வையுங்கள்

குழல் ஒரே துண்டாக இருந்தால் ஊதுதுளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவில் வெட்டுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் வெட்டினால்தான் உடல் மாறாமல் தலையை மட்டும் மாற்றிப் பார்க்க முடியும். இணைக்க ஒரு இஞ்சி பைப்பில் 60 மி.மீ. துண்டு எடுத்து, பாதியை உடலில் பசைபோட்டு ஒட்டுங்கள். மறுபாதிக்குள் தலை நுழையும். லொடலொடத்தால் தலையின் முனையில் தையல் நூலைச் சுற்றி மெழுகு தேயுங்கள். கடையில் கிடைக்கும் சாக்கெட்டை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நடுவில் இருக்கும் மேடு இரண்டு பைப்பையும் முட்டவிடாது, உள்ளே ஒரு பள்ளம் விழும்.

அப்புறம் சுதியை அளக்க வேண்டும். கைப்பேசிச் செயலி போதும், ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஊதுகிறவர் திரையைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் உதடு தானாகச் சரிசெய்துகொள்ளும். நான் கண்ணை மூடி ஊத, என் மனைவி திரையைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். டி, ஜி, ஏ, பி நான்கையும் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் தலா ஐந்து முறை ஊதி, ஒவ்வொன்றுக்கும் சராசரியை எழுதுங்கள். செயலி காட்டும் சென்ட் நம் காசு அல்ல, ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. நமக்கு வேண்டியது ஒவ்வொரு சுரத்துக்கும் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம். என் பழைய தலையில் மேல் பி இருபது சென்டுக்கு மேல் தாழ்ந்திருந்தது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். குளிர்நாட்டு அளவுப் பட்டியல்கள் பெரும்பாலும் 20 பாகைக்குப் போட்டவை. அங்கே ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், நம் 30 பாகையில் ஏறத்தாழ 349. கீழ் டியின் அரை அலைநீளம் 584 மி.மீ.யிலிருந்து 594க்குப் போய்விடும். ஊதும் மூச்சுச் சூடு வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனாலும் அந்தப் பட்டியலை அப்படியே பார்த்து வெட்டினால் குழல் ஏறி ஒலிக்கும். மத்தியானம் ஒரு நாளும் மழைக்குப் பிறகு ஒரு நாளும் அளந்து ஒப்பிடாதீர்கள். நான் காலை எட்டு மணிக்கே அளப்பேன்.

புதிய தலைக்கு வெட்டும் துண்டு பழைய தலையைவிட 20 மி.மீ. நீளமாக இருக்கட்டும். ஏன் என்று கடைசிப் படியில் தெரியும்.

படி 2: உதட்டுப்பட்டை

ஒரு இஞ்சி பைப்பில் 50 மி.மீ. வளையம் வெட்டி, நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கை அறுத்து எடுத்துவிடுங்கள். மிச்சம் சேணம்போல இருக்கும். அதைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, கையுறையோடு எடுத்து, தலைப் பைப்பின்மேல் வைத்துத் துணியால் இறுகக் கட்டி ஆறவிடுங்கள். ஆறிய பிறகு இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பி.வி.சி. பசை தடவி ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அவசரப்பட்டு அன்றே துளையிட்டேன், நடுவில் பசை இன்னும் பாகாக இருந்தது. முதல் தலை அப்படித்தான் குப்பைக்குப் போனது.

இரண்டு சுவரும் சேர்ந்தால் 6 மி.மீ.யைத் தொடும். அது அதிகம். கீழ் டி கனமாக, இனிமையாக வரும், ஆனால் மேல் ஸ்தாயிக்கு ஏறவே அடம்பிடிக்கும். துளை வரப்போகும் இடத்தில் அரத்தால் தேய்த்து 5க்குக் கொண்டுவாருங்கள். சிலர் 4.5 வரை இறங்குவார்கள். 5இல் நிறுத்தி ஊதிப் பார்ப்பது நல்லது, தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

படி 3: ஊதுதுளை

இந்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

காகித டேப் ஒட்டி அதன்மேல் நீள்வட்டம் வரையுங்கள். பைப்பின் நீளவாக்கில் 12 மி.மீ., குறுக்கில் 10. துளை நேராக விழ, பைப்புக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி, 3, 6, 9 என்று படிப்படியாகத் துளையிடுங்கள். டிரில் மெதுவாகச் சுற்றட்டும். வேகம் போனால் பிளாஸ்டிக் உருகி விளிம்பில் மீசை முளைக்கும்.

மிச்சம் எலிவால் அரத்துக்கு. முதலில் இடமும் வலமும் நீட்டி, பிறகு கீழுதடு படியும் பக்கத்துக்கு வாருங்கள். எதிர்ச்சுவரைக் கடைசியில் தொடுங்கள், ஏனென்றால் மூச்சு அடித்துப் பிளவது அங்கேதான். அந்தச் சுவர் செங்குத்தாக இருக்கக்கூடாது. மேல்விளிம்பு அப்படியே இருக்க, அடிப்பக்கம் வெளிவாங்க வேண்டும், ஏறத்தாழ 7 பாகை. பாகைமானி வேண்டாம், 5 மி.மீ. ஆழத்தில் அடியில் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் அகன்றிருந்தால் சரி. அரத்தின் கைப்பிடியை உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்துத் தேயுங்கள். பத்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, துடைத்து, ஊதிப் பாருங்கள்.

விளிம்பு கூராக இருக்கிறதா என்பதை விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்புங்கள். மழுங்கிய இடத்தில் வெளிச்சம் பட்டு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். கூரான இடத்தில் கோடே தெரியாது. என் மூன்றாவது தலையில் நடுவில் ஒரு நகக்கண் அளவுக்குக் கோடு இருந்தது. அதுதான் 'உஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைக் கோடு மறையும்வரை உள்சுவரை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால், பென்சிலில் சுற்றித் தேய்த்தேன், இரைச்சல் நின்றது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேல்விளிம்பை வழவழப்பாக்கிவிடாதீர்கள். நன்றாக ஊதுகிற பல குழல்களை அந்த ஆசை கெடுத்திருக்கிறது, என் கையாலேயே இரண்டு.

உள்ளே, துளை துவாரத்தோடு சேரும் அடிவிளிம்பைச் சுற்றிலும் லேசாக உருட்டிவிடலாம், காற்று தடையில்லாமல் திரும்பும்.

9.5க்கு 11.5 வந்ததுமே நிறுத்தி ஒரு நாள் வாசித்துப் பாருங்கள். துளை பெரிதானால் சத்தம் கூடும், சுதியும் ஏறும், மேல் ஸ்தாயியில் இன்னும் கூடுதலாக ஏறும். ஆனால் மூச்சும் அதிகம் வாங்கும். உறுமி மேளத்துக்கு ஈடுகொடுக்க நினைப்பவர் 10.5 வரை போகலாம். அறைக்குள் தனியே வாசிப்பவருக்கு 10 தாராளம்.

படி 4: தக்கை

பைப்பின் மேல்முனையை அடைக்கும் தக்கைக்குப் பழைய சிலிப்பர் அடி கைகொடுக்கும். முக்கால் இஞ்சித் துண்டின் முனையை உள்பக்கம் சீவிக் கூராக்கி, சிலிப்பர்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தால் வட்டமாக வெட்டி வந்துவிடும். இரண்டு வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுங்கள். சிலிப்பர் மெத்தென்றிருப்பதால் ஒலியை விழுங்கும். துவாரத்தைப் பார்க்கும் முகத்தில் தட்டையான பி.வி.சி. வில்லை ஒன்றை ஒட்டுங்கள், சத்தத்தின் தெளிவு அப்போதே தெரியும். வாசலின் தடவி உள்ளே தள்ளுங்கள்.

ஊதுதுளையின் மையத்திலிருந்து தக்கையின் முகம்வரை 19 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். பின்னால் இழுத்தால் மேல் சுரங்கள் தாழும், முன்னால் தள்ளினால் ஏறும். ஆனால் இதை வைத்தே மேல் ஸ்தாயி முழுவதையும் தூக்கிவிடலாம் என்று நினைத்து நான் 12 மி.மீ. வரை தள்ளினேன். கீழ் டி செத்துப்போனது. தக்கை நுணுக்கத்துக்குத்தான், பெரிய வேலை ஆப்புக்கு.

படி 5: ஆப்பு

போம் தலையைக் கூம்பாகக் கடைந்தார். நம்மால் பைப்பை அப்படிக் கடைய முடியாது. பைப் அப்படியே இருக்க, உள்ளே ஓர் ஆப்பை வைத்தாலும் அதே பலன் உண்டு என்று 1970களில் காட்டியவர் ரவுல் ஃபஹார்டோ. இன்றும் பைப் குழல் செய்பவர்கள் அதை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

அளவை நாமே கணக்கிடலாம். 19 மி.மீ. துவாரம் 17 ஆனால் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 21 மி.மீ. பைப்பில் அதே ஐந்தில் ஒரு பங்கை அடைக்க, அடியில் படுத்திருக்கும் ஆப்பின் உயரம் தக்கைப் பக்கம் ஐந்தரை மி.மீ. இருக்க வேண்டும். அங்கிருந்து 130 மி.மீ. தொலைவில் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிய வேண்டும். உங்கள் பைப் 19ஐ ஒட்டியது என்றால் உயரம் 5 போதும்.

நேரே மரத்தைச் சீவாதீர்கள், பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணில் முதலில் செய்து பாருங்கள். களிமண்ணை இரும்பு ஸ்கேல்மேல் ஆப்பு வடிவில் இழைத்து, குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைத்து இறுக்கி, ஊதுதுளைக்கு நேர் எதிர்ச்சுவரில் படியும்படி உள்ளே அழுத்தி வைத்து, ஸ்கேலைப் பக்கவாட்டில் உருவிவிடுங்கள். அளந்து பாருங்கள். மேல் சுரங்கள் இன்னும் தாழ்ந்திருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், ஏறிவிட்டால் குறையுங்கள். ஒரு மாலையில் நான்கைந்து அளவு பார்த்துவிடலாம்.

அளவு தெரிந்ததும் மரத்தில் செய்யலாம். எனக்குக் கைக்கு வந்தது பால்மரம், அதாவது ரப்பர் மரம். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்றை வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது அத்தனை மரியாதை இல்லாதது, செம்பனைக்கு வழிவிட்டு விழுந்த மரத்தின் பலகை. ஆப்பின் அடிப்பக்கம் பைப்பின் வளைவுக்குப் பொருந்த ஒரு சின்ன உபாயம் உண்டு. அதே பைப்பில் ஒரு துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே உப்புத்தாளைப் படியவைத்து, ஆப்பை அந்தத் தொட்டிக்குள் முன்னும் பின்னும் இழுத்துத் தேயுங்கள். பத்து நிமிடத்தில் வளைவு கச்சிதமாக உட்காரும். மரம் எச்சில் ஈரத்தில் உப்பும் என்பதால் எபோக்சியை மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள்.

உள்ளே நிரந்தரமாக ஒட்டாதீர்கள். தடித்த முனையைத் தக்கை முகத்தோடு ஒரு சிறு திருகாணியால் பூட்டினால், இரண்டையும் சேர்த்து உருவிக் கழுவலாம். பைப்பின் மேல்முனையில் ஒரு கோடும் தக்கையின் பின்பக்கத்தில் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆப்பு ஊதுதுளைக்கு நேர் எதிரே நிற்க அது உதவும்.

படி 6: கடைசியில்தான் வெட்டு

ஆப்பு வைத்ததும் குழல் முழுவதுமே தாழ்ந்து ஒலிக்கும். பயப்படாதீர்கள். ஆப்பு மேல் ஸ்தாயியைத் தூக்குவதில்லை. கீழ் ஸ்தாயியை அதிகமாகவும் மேல் ஸ்தாயியைக் குறைவாகவும் கீழே இழுக்கிறது, அதனால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகின்றன. உதட்டுப்பட்டையின் ஆழமும் கொஞ்சம் தாழ்த்தும். மிச்சம் வைத்த 20 மி.மீ. இதற்குத்தான். உடலோடு சேரும் முனையில் 2 மி.மீ. 2 மி.மீ.யாக வெட்டி, ஒவ்வொரு முறையும் கீழ் டியையும் ஏயையும் அளந்து வாருங்கள். சரியாக 440க்கு வந்ததும் நிறுத்தாமல் நாலைந்து சென்ட் ஏறும்வரை வெட்டினால், தலையைச் சற்று வெளியே இழுத்து மற்ற கருவிகளோடு சேரலாம்.

சரி, இன்னும் வராவிட்டால்? கீழ் டி மெலிந்தால் முதலில் கசிவைப் பாருங்கள். விரலால் அடிமுனையையும் துளைகளையும் அடைத்து, ஊதுதுளை வழியே வாயால் உறிஞ்சினால் காற்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தக்கையோ இணைப்போ கசிகிறது. 'உஸ்' சத்தம் என்றால் வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மேல் சுரங்கள் தாழ்ந்தால், குழலை உங்களைப் பார்த்து உருட்டி உதட்டால் துளையைப் பாதி மூடுகிறீர்களா என்று கண்ணாடியில் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடக்கூடாது. அண்ணன் மகனிடம் பாதிக் கோளாறு அதுதான், அதைச் சொல்ல எனக்கு நான்கு தலை தேவைப்பட்டது.

ஐந்தாவது தலையில் எட்டுச் சுரமும் ஐந்து சென்டுக்குள் வந்தன. நோட்டை நீட்டினேன். அவன் அதைப் பார்க்காமல் ஊதினான். மேல் பி வரை போய் இறங்கி, "சித்தப்பா, இதுக்கு ஒரு பை தைச்சுத் தர முடியுமா?" என்றான். தைத்துக் கொடுத்தேன். காருக்குள் வைக்காதே என்றும் சொன்னேன். இரண்டாவது தலை கார் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு மத்தியானம் கிடந்து வாழைப்பழமாக வளைந்ததை இன்னும் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.